அக்காவின் இடது கன்னம்

2019ஆம் ஆண்டு மார்ச் 11, திங்கட்கிழமை, பிற்பகல். எடுக்கப்பட்டவர்: உயர்நிலைப் பள்ளிக் கணித ஆசிரியை, வயது ஐம்பத்திரண்டு. எடுத்தவர்: அவருடைய ஒரே தங்கை, வயது நாற்பத்தேழு, கடையில் ‘படக்காரம்மா’, வீட்டில் ‘சின்னவள்’. இடம்: தங்கையின் ஸ்டூடியோ, முதல் மாடி, வடக்குப் பார்த்த ஜன்னலோரம். உடனிருந்தவர்: ஆசிரியையின் கணவர், லிப்ட் மெக்கானிக், வெளிச்சத்தைத் திருப்பிவிடும் வெள்ளை அட்டையைப் பிடித்திருந்தார். ஷட்டர் திறந்து மூடியது நான்கு தடவை. கிடைத்த படம் ஒன்றும் இல்லை.

படம் எடுத்தும் படம் இல்லாமல் போன கதையைச் சொல்வதற்கு முன், சின்னவள் எதைச் செய்து வயிற்றைக் கழுவினாள் என்பதைச் சொல்லியாக வேண்டும். அடையாள அட்டைப் படங்களால் ஓடிய கடை அவளுடையது. ஓட்டுநர் உரிமமோ பாஸ்போர்ட்டோ பள்ளிச் சேர்க்கையோ, எதற்கு வந்தாலும் வெள்ளைத் திரைக்கு முன்னாலுள்ள சுழல் முக்காலியில் உட்கார வேண்டும். நாடியைச் சற்று இறக்க வேண்டும். இரண்டு காதும் தெரிய வேண்டும். அதற்கு மேலும் ஒரு நிபந்தனை உண்டு. அதைச் சொல்லிச் சொல்லியே அவளுக்குத் தொண்டை தேய்ந்திருந்தது: “சிரிக்காதீங்க.” ஊரைச் சிரிக்கவிடாமல் சம்பாதிக்கிறவள் என்று அக்கா அவளைக் கேலி செய்வதுண்டு. இந்தத் தெருவில் யார் சட்டைப் பையைத் துழாவினாலும் உள்ளே ஒரு திருட்டு முழி இருக்கும், அத்தனையும் உன் கைங்கரியம் என்பாள்.

2016ஆம் ஆண்டு ஜூலையில் அந்தத் திருட்டு முழிகளில் ஒன்று அவளுக்கு ஆள் அனுப்பியது. எதிர்ச்சாரியில் முடிதிருத்தும் கடை வைத்திருந்தவர் அவர். உரிமத்தைப் புதுப்பிக்கும் போதெல்லாம் அவளிடம்தான் படம் எடுத்துக்கொண்டவர். இப்போது மருத்துவமனையின் வலி தணிப்புப் பிரிவில் கிடந்தார். அந்தப் பிரிவில் நோயைத் தீர்க்கும் மருந்து கிடையாது; நோவைக் குறைக்கும் மருந்து மட்டுமே உண்டு. அவள் கட்டில் அருகே போய் நின்றதும் அவர் நலம் விசாரிக்கக்கூட நேரம் தரவில்லை.

“இதுவரைக்கும் நீ எடுத்த எல்லாப் படத்துலயும் நான் எவன் வீட்லயோ புகுந்து மாட்டுனவன் மாதிரி இருக்கேன். போறதுக்குள்ள ஒண்ணே ஒண்ணு மனுஷனா எடுத்துக் குடு.”

சின்னவளிடம் அதற்கு ஏற்ற ஒரு கேமரா இருந்தது. மூடப்பட்ட ஒரு பழைய ஸ்டூடியோவிலிருந்து ஆசைக்கு வாங்கிவந்து, ஆண்டுக்கணக்கில் துணி போர்த்தி வைத்திருந்த மரப்பெட்டிக் கேமரா. அதில் பிலிம் சுருள் கிடையாது. உள்ளங்கை அகலத்தில் ஒரே ஒரு பிலிம் தாள், தட்டையான ஒரு சட்டத்துக்குள் இருக்கும். வெளிச்சம் படாதபடி அதை ஒரு மெல்லிய கறுப்புத் தகடு மூடியிருக்கும். சட்டத்தைக் கேமராவின் முதுகில் செருகி, தகட்டை உருவிவிட்டு, ஷட்டரை அழுத்த வேண்டும். பிறகு தகட்டைத் திரும்பச் செருக வேண்டும். தகட்டை உருவாமல் விட்டாலும் ஷட்டர் தன் பாட்டுக்குக் ‘களுக்’ என்னும். எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு வித்தியாசமே தெரியாது. தாள் மட்டும் வெறுந்தாளாகவே இருக்கும்.

முடிதிருத்துபவர் தன் கையாலேயே முகத்தை மழித்துக்கொண்டார். கை நடுங்கியதால் அதற்கே முக்கால் மணி நேரம் பிடித்தது. செவிலி உதவ வந்தபோது முறைத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பி, கண்ணாடியில் இன்னொருவருக்குக் கிருதாவைச் சரிபார்ப்பதுபோலத் தன்னையே பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் அவள் எடுத்தாள். படத்தைப் பார்த்த அவர், “இவன்கிட்ட நானே முடி வெட்டிக்குவேன்” என்றார். அந்த வாரக் கடைசியில் அவர் இல்லை.

அதற்குப்பின் அந்தப் பிரிவில் அவளை மற்றவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். கடைக்கு விடுமுறையான ஞாயிற்றுக்கிழமைகளில் மரப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு போவாள். கூடவே அத்தான் வெள்ளை அட்டையோடு வருவார். அத்தானுக்கு உயரம் ஆறடி, பேச்சு அரையடி. அட்டை பிடிப்பதற்கென்றே பிறந்தவர் என்று அக்கா சொல்வாள். சின்னவள் அங்கே தேடியது நோயை அல்ல. நோயைப் படம் பிடிக்க எக்ஸ்ரே இருக்கிறது, அதற்கு நான் எதற்கு என்று கேட்பாள். இனி யார் மெச்சவும் முகத்தை மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை என்று ஆனபின் ஒரு முகத்தில் வந்து தங்குகிற அழகு ஒன்று உண்டு. அது எல்லோருக்கும் வருவதில்லை. வந்தாலும் அதிக நேரம் இருப்பதில்லை. அதற்காகத்தான் அவள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு காத்திருந்தாள்.

மூன்று ஆண்டுகளுக்குள் பதினொரு படங்கள் சேர்ந்தன. பதினொரு பேரும் போய்ச் சேர்ந்தார்கள். போகப்போகிறவர்களைத் தேர்ந்தெடுத்து எடுத்தால் போகத்தானே செய்வார்கள் என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் ஏழாவதாக எடுக்கப்பட்ட தையல்காரம்மா அவள் மனத்தில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தார். அவருக்கு உடம்பு தேறிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பலாமா என்று மருத்துவர்களே பேசிக்கொண்டிருந்தார்கள். படம் எடுத்த நான்காம் நாள் காலையில் கட்டில் காலியாக இருந்தது. அதற்குப் பிறகு ஒருநாள் அவள் கேமராவோடு உள்ளே நுழைந்தபோது, மூலைக் கட்டிலில் இருந்த ஓய்வுபெற்ற பஸ் நடத்துனர் வார்டே கேட்கும்படி, “வாம்மா, இன்னைக்கு யாருக்கு டிக்கெட் கிழிக்கப் போற?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள், சாகக் கிடந்தவர்கள்தான் அதிகம் சிரித்தார்கள். சின்னவளும் சிரித்துவைத்தாள். பதினொன்றாவது படம் அந்த நடத்துனருடையது.

அன்றிலிருந்து உடல்நலத்தோடு இருந்த யாரையும் அவள் மரப்பெட்டிக்கு முன்னால் உட்காரவைக்கவில்லை. கீழ்வீட்டுத் தம்பதி ஆசையாகக் கேட்டபோது லென்ஸ் பழுது என்று பூசி மெழுகினாள். புத்திக்குத் தெரிந்தது கைக்குத் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் 2019 பிப்ரவரியில் அக்காவின் இடது காதுக்கு முன்னால் ஒரு வீக்கம் தென்பட்டது. கடைவாய்ப் பல் என்று நினைத்துப் பல் மருத்துவரிடம் போனாள். அவர் பல்லில் குற்றமில்லை என்று பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினார். உமிழ்நீர்ச் சுரப்பியில் கட்டி. ஊசி போட்டு எடுத்த பரிசோதனை, நல்லது என்றும் சொல்லாமல் கெட்டது என்றும் சொல்லாமல் கையை விரித்தது. அறுவை மருத்துவர் ஒரு தாளில் படம் வரைந்து விளக்கினார். முகத்தை அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியின் நடுவே மரக்கிளைபோலப் பிரிந்து போகிறது. கட்டி கிளைகளை விட்டு விலகி இருந்தால் தொந்தரவில்லை. கவ்விக்கொண்டிருந்தால் நரம்பையும் சேர்த்து வெட்ட வேண்டும். வெட்டினால் இடது கண் முழுதாக மூடாது, இடது கன்னம் எழும்பாது. திறந்து பார்க்காமல் எதையும் சொல்ல முடியாது.

அந்த இடது கன்னத்தைப் பற்றிப் பள்ளியில் கேட்டால் தெரியும். அக்காவுக்கு அந்தப் பக்கம் மட்டும் குழி விழும். யாராவது கரும்பலகையில் கணக்குப் போட்டுக்கொண்டிருக்கும்போது டீச்சர் கன்னத்தில் குழி விழுந்துவிட்டால், போட்டுக்கொண்டிருப்பது தப்பு என்று வகுப்பு முழுவதுக்கும் புரிந்துவிடும். போட்டவரே திரும்பிப் பார்த்து, தானே அழித்துவிட்டு, முதலிலிருந்து தொடங்குவார். அத்தனை ஆண்டு வேலையில் ‘தப்பு’ என்ற சொல்லை அவள் வாயால் சொல்ல நேர்ந்ததேயில்லை.

அறுவைக்கு நாள் குறித்ததும் அக்கா கேட்டது ஒன்றுதான். முகம் எப்படி ஆனாலும் பரவாயில்லை, உயிர் பிழைத்தால் அதோடு வாழப் பழகிக்கொள்வேன். ஆனால் இப்போது இருக்கிற முகத்தை ஒருமுறை அந்தப் பெரிய பெட்டியில் எடுத்துவை என்றாள். சின்னவள் சாக்குத் தேடினாள். பிலிம் கழுவும் மருந்து தீர்ந்துவிட்டது என்றாள். மருந்து வந்துவிடும் என்று தெரிந்ததும் கேமராவின் முன்னால் மடிந்து விரியும் துருத்தியில் ஓட்டை என்றாள். சாதாரண கேமராவில் எடுக்கலாமே என்றும் சொல்லிப்பார்த்தாள்.

“யார் யாருக்கோ ஓடி ஓடி எடுக்கற. கூடப் பொறந்தவளுக்கு மட்டும் துருத்தியில ஓட்டையா?” என்றாள் அக்கா.

மறுநாளே கணவரையும் அழைத்துக்கொண்டு மாடியேறி வந்து, ஜன்னலோர நாற்காலியில் தானாக உட்கார்ந்துவிட்டாள். அதுதான் மார்ச் 11. அன்று மாலை மருத்துவமனையில் சேர வேண்டும்; அடுத்த நாள் காலை அறுவை.

சின்னவள் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாள். கேமராவின் பின்புறக் கண்ணாடியில் உருவம் எப்போதும் தலைகீழாகத்தான் விழும். பழகிய கண்ணுக்கு அது ஒரு பொருட்டல்ல. அக்கா சிரிக்கவில்லை. சிரிப்புக்கு ஒரு படி முன்னால் முகத்தை நிறுத்தியிருந்தாள். அத்தானின் அட்டையிலிருந்து திரும்பிய வெளிச்சம் காதோர வீக்கத்தைத் தொட்டு, அங்கே நிற்காமல் கன்னத்துக்கு வந்தது. ஐம்பத்திரண்டு வயதும் ஒன்றையொன்று நெருக்காமல் அந்த முகத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருந்தது. அக்கா யாருக்கும் எதையும் காட்டிக்கொள்ளவில்லை, சும்மா இருந்தாள். வார்டில் பதினொரு பேரிடமும் சின்னவள் காத்திருந்து வாங்கியது எதுவோ, அது இங்கே காத்திருக்காமலே வந்து நின்றது. அதுதான் வினையாயிற்று. அந்த முகத்தை அவளுக்குத் தெரியும். அது வந்தவர்கள் யாரும் தங்கவில்லை.

சட்டத்தைச் செருகினாள். தகட்டின் நுனியைப் பிடித்தாள். உருவவில்லை.

“மூச்சைப் பிடிச்சுக்கோக்கா” என்றாள். ஷட்டர் ‘களுக்’ என்றது. சட்டத்தை மாற்றினாள், மறுபடி அதே. நான்கு தடவையும் கை நுனிவரை போய்த் திரும்பியது. அக்கா ஒவ்வொரு தடவையும் மூச்சைப் பிடித்து, விட்டு, மறுபடி அதே முகத்தோடு உட்கார்ந்தாள்.

“நல்லா வந்திருக்குமாடி?”

“வந்திருக்கும்கா.”

அத்தான் அட்டையை மடித்துச் சுவரோரம் சாய்த்துவைத்தார்.

மறுநாள் காலை மருத்துவமனைக்குப் போனபோது அக்கா தள்ளுகட்டிலில் தயாராக இருந்தாள். கன்னத்தில் மைப் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டிருந்தார்கள். “வழி தெரியாம வலது பக்கம் போயிடக் கூடாதில்ல” என்று அக்கா அதற்கு விளக்கம் சொன்னாள். பிறகு கணவரைப் பார்த்து, படம் வந்ததும் பெரிதாக ஒன்று போடச் சொல்லி ஹாலில் மாட்டுங்கள் என்றாள். முகம் கோணிப்போனால், வருகிறவர்கள் முதலில் பழசைப் பார்த்து மனத்தைத் தேற்றிக்கொண்டு அப்புறம் புதுசைப் பார்க்கட்டும். தங்கையிடம் கேட்டது ஒரே கேள்வி.

“கழுவிட்டியா?”

“காயுதுக்கா.”

கட்டில் உருண்டு போய்க் கதவுக்குப் பின்னால் மறைந்தது. சின்னவளின் கைப்பையில் அலைபேசி இருந்தது. அந்தக் கடைசி நொடியில் அதிலாவது ஒரு படம் எடுத்திருக்கலாம். அதற்கும் கை வரவில்லை.

காத்திருக்கும் கூடத்தில் உட்கார்ந்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அலைபேசியில் அக்காவைத் தேடினாள். அக்கா இருந்த படங்களிலெல்லாம் ‘போதும் போ’ என்று உள்ளங்கையை நீட்டி முகத்தை மறைத்திருந்தாள். பள்ளிக் குழுப் படங்களில் கடலைப் பருப்பு அளவு முகம். அடையாள அட்டைப் படம் இருந்தது. அதை எடுத்தவள் இவளே, அதில் சிரிக்கக் கூடாது என்று சொன்னவளும் இவளே. எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த முகம் அது. உள்ளே அந்த நரம்பு வெட்டுப்பட்டால், அக்காவின் இடது கன்னம் இனி உலகத்தில் எந்தத் தாளிலும் இருக்காது. அக்கா கேட்டது அது ஒன்றைத்தான். தன் பயத்துக்காக அதைப் பறித்துக்கொண்டோம் என்று நினைத்தபோது அவளுக்கு உட்காரவும் முடியவில்லை, எழுந்திருக்கவும் முடியவில்லை.

பக்கத்தில் அத்தான், எதிரே இருந்த லிப்டின் மாடி எண்கள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தார்; தொழில் புத்தி. அவரிடம்தான் முதலில் வாய்திறந்தாள்.

“அத்தான், அந்தப் படம் இல்லை. தகட்டை நான் உருவவே இல்லை. நாலு தடவையும்.”

அத்தான் மாடி எண்ணிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“தெரியும்.”

அவள் அவர் பக்கம் திரும்பினாள். அவரே தொடர்ந்தார். “உருவினா ‘சர்’ருன்னு ஒரு சத்தம் வரும்ல. வரலை.”

“அப்பவே ஏன் சொல்லலை?”

“சொன்னா நீ உருவியிருப்ப.”

அதற்குப்பின் அவர், தம் கணக்கில் ஒரு மாதத்துக்கு உண்டான அளவு பேசினார். பதினொரு பேரில் ஒன்பது பேருக்கு அட்டை பிடித்தவர் அவர். தையல்காரம்மா சிரித்துக்கொண்டே அவரிடம் கூலி என்ன என்று கேட்டது இன்னமும் காதில் இருக்கிறதாம். லிப்ட் கம்பி எப்போது அறும், எப்போது அறாது என்று கணக்குப் பார்த்தே வேலை செய்கிறவர். இதெல்லாம் மடத்தனம் என்று தெரியும். ஆனால் அந்தச் சத்தம் முதல் தடவை வராதபோது நெஞ்சிலிருந்து ஒரு பாரம் இறங்கியது. இரண்டாம் தடவையும் வராமல் இருக்க வேண்டுமே என்று தவித்தாராம். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெட்கத்தைப் பங்குபோட ஆள் கிடைத்ததில் சின்னவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. ஆனால் அக்காவிடம் சொல்ல வேண்டிய பங்கு அப்படியே இருந்தது.

பிற்பகலில் அறுவை மருத்துவர் முகக்கவசத்தைக் கழுத்துக்கு இறக்கியபடி வெளியே வந்தார். வரும்போதே தலையசைத்துவிட்டு வந்தார்.

“நரம்பு பத்திரமா இருக்கு. எந்தக் கிளையையும் வெட்டலை.”

கட்டி நரம்போடு ஒட்டி உரசிக்கொண்டிருந்ததாம், கவ்வவில்லையாம். பிரித்தெடுக்கும்போது கீழ்க் கிளை கொஞ்சம் இழுபட்டிருக்கிறது. அதனால் வாயின் இடது ஓரம் சில மாதங்களுக்குச் சோம்பேறியாக இருக்கும், பிறகு வந்துவிடும். கட்டி முழுதாக வந்துவிட்டது. எப்படிப்பட்டது என்பதை ஆய்வுக்கூட முடிவு சொல்லும். அத்தான் நன்றி சொல்ல வாயெடுத்து, அது வராமல், நாற்காலி இல்லாத இடத்தில் உட்காரப் போனார். மருத்துவரும் சின்னவளும் ஆளுக்கொரு கையாகப் பிடித்து நிறுத்தினார்கள். ஆறடி ஆளைத் தாங்குவது லேசான காரியமில்லை.

மாலையில் அக்காவைப் பார்க்க விட்டார்கள். தலையைச் சுற்றிக் கட்டு. மருத்துவர் கண்களை மூடச் சொன்னார், இரண்டும் மூடின. புருவத்தைத் தூக்கச் சொன்னார். இரண்டும் தூங்கி எழுந்தவைபோல மெதுவாக ஏறின. பல்லைக் காட்டச் சொன்னதும் வலது பக்கம் மட்டும் வந்தது. சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். மூடிய அந்த இடது கண் போதும் என்று இருந்தது அவளுக்கு.

ஆய்வு முடிவு மார்ச் 22ஆம் தேதி வந்தது. கடையில் ஒருவர் ஓட்டுநர் உரிமப் படத்துக்காக முக்காலியில் நாடியை இறக்கி உட்கார்ந்திருந்த நேரம் அக்காவின் அழைப்பு வந்தது. “கெட்டது இல்லையாம்டி” என்றாள் அக்கா. வாயோரம் இன்னும் இணங்காததால் சொற்கள் வழுக்கிக்கொண்டு வந்தன. சின்னவள் அலைபேசியை வைத்துவிட்டு, கேமராவின் பின்னால் நின்றபடியே அழுதாள். வந்தவர் பதறிப்போய், அப்புறம் வரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், உட்காருங்கள் என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு எடுத்துக் கொடுத்தாள். அவளைச் சமாதானப்படுத்தும் எண்ணத்தில் அவர் சிரித்துவிட்டிருக்கிறார், அவள் கவனிக்கவில்லை. உரிம அலுவலகத்தில் அந்தப் படத்தைத் திருப்பிவிட்டார்கள். கடை தொடங்கியதிலிருந்து அவள் எடுத்து அப்படித் திரும்பி வந்த படம் அது ஒன்றுதான்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா தேநீரை வலது பக்கமாகச் சாய்த்துக் குடித்துக்கொண்டிருந்தாள். இடது ஓரத்தில் வழிவதைத் துடைக்கத் தோளில் ஒரு துண்டு. காதுக்கு முன்னாலிருந்து தாடைக்குக் கீழேவரை தையல் கோடு ஓடியது. படம் எங்கே என்று அவள் கேட்பதற்கு முன்னால் சின்னவள் சொல்லிவிட்டாள். தகட்டைச் சொன்னாள், பதினொரு பேரைச் சொன்னாள், ‘காயுது’ என்றது பொய் என்பதையும் சொன்னாள். அத்தானைக் காட்டிக்கொடுக்க நினைக்கவில்லை. அவரே குறுக்கிட்டு, எனக்கும் தெரியும் என்று தலையைக் கொடுத்தார்.

அக்கா கோப்பையை வைத்தாள்.

“நாலு தடவை மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேனேடி.”

சின்னவள் தரையைப் பார்த்தாள்.

“எனக்கு என்ன வேணும்னு நான் சொன்னேன். உனக்கு என்ன பயம்னு நீ சொல்லலை. முகம் போயிருந்தா இன்னைக்கு எதை மாட்டியிருப்ப? வெறுந்தாளையா?”

அக்காவின் கோபம் உண்மையான கோபம். வாய் ஒரு பக்கம் வராததால் அது இன்னும் கூர்மையாகத் தெரிந்தது. ஆனால் நெடுங்காலம் வகுப்பெடுத்தவள், கோபத்திலும் கணக்கை விடவில்லை. அந்தப் பதினொரு பேரையும் எங்கே போய்ப் பிடித்தாய் என்று கேட்டாள். வார்டில் என்றாள் சின்னவள். அந்த வார்டில் யார் இருப்பார்கள் என்று கேட்டாள். சின்னவள் சொன்னாள்.

“ஸ்கூல் வாசல்ல நின்னு எடுத்திருந்தின்னா, பதினொண்ணும் இப்போ பரீட்சை எழுதிட்டு இருந்திருக்கும்” என்ற அக்கா, கணவர் பக்கம் திரும்பினாள். “உங்களை நம்பி ஊர் ஜனம் மேலயும் கீழயும் போயிட்டு வருது. கடவுளே.”

அத்தானுக்குத்தான் முதலில் சிரிப்பு வந்தது. அவரைப் பார்த்து அக்காவுக்கும் வந்தது; வலது பாதியில் மட்டும் வந்தது. அது நின்றதும் அக்கா துண்டை எடுத்துக் கீழே போட்டுவிட்டு எழுந்தாள். பெட்டியை எடு, இப்போதே போகலாம் என்றாள். சின்னவள் மிரண்டுபோனாள். வாய் சரியாகட்டும், தையல் தழும்பு மங்கட்டும், மருத்துவர்தான் எல்லாம் திரும்பிவிடும் என்று சொல்லியிருக்கிறாரே என்று கெஞ்சினாள்.

“அதனாலதான் சொல்றேன். இந்த மூஞ்சி சரியாயிடும்ல? அப்புறம் இது எங்க கிடைக்கும்? அதையும் விட்டுட்டோம். இதையும் விடணுமா?”

மூவரும் ஸ்டூடியோவுக்குப் போனார்கள். அதே ஜன்னல், அதே பிற்பகல் வெளிச்சம். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு, இடது பக்கத்தை, தையல் கோடும் சோம்பிய வாயோரமும் தெரியும்படி, தானே வெளிச்சத்துக்குக் கொடுத்தாள். சின்னவள் துணிக்குள் போய்ப் பார்த்தாள். வலது பக்கம் ஒரு முடிவுக்கு வந்திருந்தது. இடது பக்கம் இன்னும் யோசித்துக்கொண்டிருந்தது. போன தடவை கண்ட முகம் அல்ல இது. ஆனால் இதிலும் அந்த அழகு இருந்தது, கொஞ்சம் குறும்போடு. சட்டத்தைச் செருகினாள். தகட்டின் நுனியைப் பிடித்தாள். பயம் போய்விட்டது என்று சொல்ல முடியாது. பயத்தோடேயே உருவினாள். ‘சர்’ரென்ற சத்தம் கேட்டதும் அத்தான் கையில் அட்டை ஒருமுறை ஆடி நின்றது.

“அந்தத் தகட்டை இங்க குடு. எடுத்து முடிக்கிற வரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்” என்றாள் அக்கா.

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். படத்திலும் அது அவள் மடியில் இருக்கிறது. கழுவி எடுத்தபோது ஆடாமல் அசையாமல் வந்திருந்தது. அக்கா அதை எட்டி நின்றும் கிட்டே வந்தும் பார்த்துவிட்டு, இந்தம்மாவிடம் கணக்குப் படித்தால் பயமாகத்தான் இருக்கும் என்று தீர்ப்பளித்தாள். ஹாலில் மாட்டியது அதைத்தான்.

வாயோரம் கொஞ்சம் கொஞ்சமாக வேலைக்குத் திரும்பியது. கன்னக் குழி வந்துவிட்டதை முதலில் கண்டுபிடித்தவர்கள் ஒன்பதாம் வகுப்பினர். செப்டம்பரில் ஒருநாள் கரும்பலகையில் சமன்பாடு தீர்த்துக்கொண்டிருந்த ஒரு மாணவி திரும்பிப் பார்த்துவிட்டு, தான் எழுதியதைத் தானே அழித்தாள். வகுப்பு கைதட்டியது. அழித்தவளுக்கு மட்டும் ஏன் என்று விளங்கவில்லை.

அந்த ஆண்டு டிசம்பரில் சின்னவளின் படங்களை ஒரு சிறிய காட்சிக்கூடத்தில் வைத்தார்கள். வார்டுப் படங்களின் நடுவே அக்காவின் படத்தை வைப்பதா என்று சின்னவள் தயங்கியபோது, நானும் அந்த வரிசையில் இருந்தால்தான் உன் கணக்கு உடையும் என்று அக்கா ஒரே பிடியாக நின்றாள். முடிதிருத்துபவரின் மகன் வந்திருந்தார். தையல்காரம்மாவின் தங்கைகள் வந்திருந்தார்கள். செவிலிகள் பணி முடிந்து உடை மாற்றாமலே வந்திருந்தார்கள். அக்கா முதல் படத்திலிருந்து ஒவ்வொன்றின் முன்னும் நின்று நிதானமாகப் பார்த்துக்கொண்டு, வரிசையின் கடைசிக்கு வந்து சேர்ந்தாள். சின்னவள் தள்ளி நின்று அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சுவரில் இருந்தவர்கள் பன்னிரண்டு பேர். அவர்களில் நேரில் வந்து தன் படத்தைப் பார்த்தவர் ஒருவர்.